சுட்ட கல்

அம்மாவின் தலைமாட்டில் மயிலாள் சற்றுமுன் நிரப்பி வைத்த சொம்பு காலியாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தால் உட்புறம் அடுப்பில் காய்ந்தது போலிருந்தது. அம்மாவால் கை தூக்கிக் குடிக்க முடியாது.

ஐப்பசி மழை விட்டபாடில்லை. வெளியே காயப்போட முடியாத பனியன் துணியை அண்ணன் மாரப்பன் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தான்; சொட்டும் துணியின் சலவைத்தூள் நெடியும், சுவரெல்லாம் படர்ந்த பாசியின் நாற்றமும் சேர்ந்து, இரைப்புக்காரியான அம்மாவின் நெஞ்சுக்குள் யாரோ ஈரச்சாக்கை இழுத்துக்கொண்டு போவது போன்ற ஒரு சத்தத்தை உண்டாக்கியிருந்தன.

நேற்றுத்தான் மயிலாள் அவனோடு சண்டை போட்டாள். "இது ஊடா, சலவைப்பட்டறையாங்கண்ணா? அம்மா செத்தாத்தான் கயித்தை அவுப்பீங்களா?"

"கத்தாத அம்முணி. ஈரத்தை உறிஞ்சறதுக்குக் கரி வெக்கலாம். இல்லீனா உப்பு."

"உப்பு அரை நாள்ல தண்ணியா ஓடும். கரி என்னத்த உறிஞ்சும்? சூளையில சுட்ட சுண்ணாம்புக்கல்லு வாங்கியாங்க."

"நீ பி.எஸ்ஸி. படிச்சது கல்லு வாங்கறதுக்குத்தானாக்கும்!"

சிரித்தாலும் பொங்கலூர்ப் பக்கம் போய் வாங்கி வந்தான். இரைப்புக்காரர் கட்டிலடியில் தணல்சட்டி வைக்கும் பழக்கத்தில், கல் நிறைந்த இரும்புச்சட்டியையும் அம்மாவின் கயிற்றுக்கட்டிலுக்கு அடியிலேயே தள்ளினான். ஈரம் குடிக்கும்போது கல்லில் எழும் சூடு இதமாக இருக்குமென்று மயிலாளும் விட்டுவிட்டாள்.

விடிந்தபோது துணி மொடமொடத்தது. பாசி பொடியாக உதிர்ந்தது. அம்மாவின் இரைப்பும் அடங்கியிருந்தது.

இப்போது, மத்தியான மழை ஓட்டில் இரைய, மயிலாள் சொம்பை வைத்துவிட்டுக் கட்டிலடியில் குனிந்தாள். ஈரம் குடித்த கல் பூத்து மாவாக வேண்டும். மாவில்லை. எல்லாக் கல்லும் ஒன்றாகி, சட்டியை மீறி உப்பி, கட்டில் கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளிருந்து இரைப்பு கேட்டது.

அம்மாவின் இரைப்பு.

நிமிர்ந்தாள். அம்மாவின் நெஞ்சு அசையவில்லை. கண்கள் மட்டும் அவளைத் தேடின.

"அண்ணா!"

மாரப்பன் ஓடிவந்து குனிந்து பார்த்தான். கடப்பாரையை எடுத்தான்.

"அடிக்காதீங்க! அம்மா மூச்சு அதுக்குள்ள இருக்குதுங்க!"

"தள்ளு புள்ள!"

கல்லில் முதல் அடி. கட்டிலில் அம்மாவின் விலா மளுக்கென்று முறிந்தது. மயிலாள் அவன் கையைக் கடித்தாள். உதறினான். இரண்டாவது அடி. அம்மாவின் தாடை கோணியது. அலறல் கல்லுக்குள். மூன்றாவது.

கல் பிளந்தது. உள்ளே ஈரம். சிவப்பு. ஒரு தரம் சுருங்கி விரிந்தது. நின்றது.

அம்மாவின் கண்ணும் நின்றது.

மாரப்பன் கடப்பாரையை இழுத்தான். வரவில்லை. கை வழுக்கிப் பிளவுக்குள் போனது. மணிக்கட்டுத் தோல் எலும்போடு ஒட்டியது. முழங்கை. தோள். "அம்மு..." நாக்கு பாதியில் காய்ந்தது.

கல் மூடிக்கொண்டது. அவன் கையோடு. மறுபடி இரைக்கத் தொடங்கியது. இம்முறை அண்ணனின் குரலில்.

மயிலாள் கத்துவதற்கு வாய் திறந்தாள். உதடு வெடித்தது.

ரத்தம் வரவில்லை.