தலைவர் முகம் ஒட்டிய பொதிகள்

உலகத்தின் கண்ணீரைத் துடைக்கும் கை ஒன்று உண்டு. அந்தக் கை திருகோணமலையில், பாலையூற்றில் இருக்கிறது.

இப்படி முழங்கியவர் மஹ்ரூப், அகில உலக மனிதநேய மாமன்றத்தின் தலைவர். பெயரில் அகில உலகம் இருந்தாலும் மாமன்றம் அவருடைய இரும்புக் கடையின் மேல்மாடியில்தான் இருந்தது. கூட்டத்தில் ஆள் குறைந்தால் கீழே ஆணி வாங்க வந்தவர்களையும் மேலே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

'இருக்கிறது' என்ற இடத்தில் மைக் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தலைவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. ஆனாலும் எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். தேநீர் வந்துகொண்டிருந்தது.

பின்வரிசையில் அசனாவும் பக்கத்து வீட்டு ஜக்சனும் ஒரே கதிரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஆறாம் தரம் படிக்கிறவர்கள்.

"என்ன சொன்னவர்?" என்று அசனா கேட்டாள்.

"கை இருக்காம்."

"அது எல்லாருக்கும்தானே இருக்கு?"

விஷயம் இதுதான். கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் பெரும் புயல் அடித்து, கரையோர ஊர்களையெல்லாம் கொண்டு போய்விட்டது. அங்கே உதவிப் பொருட்கள் கொண்டு போகும் கப்பல் ஒன்று வெள்ளிக்கிழமை திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருகிறது. பொருட்கள் கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கலாம்.

ஆனால் அந்த நாட்டின் பெயரை ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை. போன வருடம் அந்த நாட்டு அரசாங்கம் எங்கள் மீனவர்களைச் சிறையில் போட்டு, படகுகளையும் பிடித்துவைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்த நாட்டுக்கு 'அங்கால', அதாவது அந்தப் பக்கம், என்றுதான் பெயர்.

அப்படிச் சிறைக்குப் போனவர்களில் அசனாவின் சாச்சாவும் ஒருவர். வாப்பாவின் தம்பி, பெயர் நிப்றாஸ். படகு இன்னும் அங்காலதான் இருக்கிறது. அதனால் சாச்சா இப்போது வாடகை லொறி ஓட்டுகிறார்.

அன்று பின்னேரம் அவர் லொறிக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அசனா அந்தக் கால்களிடம் கேட்டாள்.

"சாச்சா, அங்கால உள்ள ஆக்களுக்கு நாங்க சாமான் குடுக்கலாமா?"

"ஒரு பருப்புக்கூட குடுக்கப்படாது!" என்றன கால்கள். "என்னைக் கள்ளனைப் போல பிடிச்சு அடைச்சவங்கள். எஞ்சின் பழுதாகித்தான் அவங்கட பக்கம் இழுபட்டுப் போனனாங்க. ஒருத்தனும் கேக்கல்ல."

"கரையில வச்சா உங்களைப் பிடிச்சவங்க?"

"ஓம். கரையில ஒரு மனுசி எங்களுக்குச் சோறும் மீனும் தந்து, அவட மகள் காய்ஞ்ச உடுப்பும் கொண்டுவந்து தந்தவ. உன்ர வயசுதான் இருக்கும். பாதிச் சோத்துலதான் பொலிஸ் வந்தது."

"அந்த மனுசியும் அங்காலதானே?"

"ஓம்."

"அப்ப அங்கால உள்ளவங்க நல்லவங்களா, கெட்டவங்களா?"

கால்கள் உள்ளே போயின. பிறகு சாச்சாவின் முகம் வெளியே வந்தது. மூக்கில் கிறீஸ்.

"போ பிள்ளை, எனக்கே விளங்கல்ல."

அசனாவுக்கும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பெண்பிள்ளையின் உடுப்பெல்லாம் இப்போது கடலில் போயிருக்கும் என்பது மட்டும் விளங்கியது. அலுமாரியைத் திறந்தாள். பெருநாளுக்கென்று உம்மா எடுத்துக் கொடுத்த மஞ்சள் சட்டை உள்ளே இருந்தது. ஒரு தரம்தான் போட்டது. அதை எடுத்து மடித்தாள். யோசித்தாள். திரும்பவும் விரித்தாள். கடைசியில் மடித்தே கொண்டுபோனாள்.

மாமன்றத்தில் பொருட்கள் மலைபோலக் குவிந்திருந்தன. பால்மா, பிஸ்கட், சவர்க்காரம், சாரம், அரிசி. எல்லாவற்றையும் பொலித்தீன் பைகளில் போட்டுக் கட்டினார்கள். தலைவர் ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். பெட்டி நிறைய ஸ்டிக்கர். ஸ்டிக்கர் நிறையத் தலைவரின் முகம். முகத்துக்குக் கீழே சிவப்பில் எழுதியிருந்தது: 'எதிரிக்கும் உதவும் ஈர நெஞ்சம்!'

"ஒரு பொதியையும் விடக்கூடாது. நல்லா அமத்தி ஒட்டுங்க," என்றார் தலைவர். "இது கொழும்புப் பசை. லேசில கழராது."

அவரை மாமா என்று கூப்பிட்டால் காதில் விழாது. ஆகவே அசனா, "தலைவர், அவங்களை எதிரி எண்டு எழுதினா கவலைப்பட மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"அவங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, மகள்."

"அப்ப யாரு வாசிக்கிறதுக்கு எழுதினீங்க?"

தலைவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். "பிள்ளைகளுக்கு இன்னும் தேத்தண்ணி குடுக்கல்லையா?" என்று யாரையோ கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

அசனாவும் ஜக்சனும் ஒட்டினார்கள். மஞ்சள் சட்டை இருந்த பையிலும் தலைவர் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை பொதிகளை ஏற்ற ஒரு லொறி வந்தது. ஓட்டி வந்தவர் நிப்றாஸ் சாச்சா.

"ஒரு பருப்பும் குடுக்கப்படாது எண்டீங்க?" என்றாள் அசனா.

"நான் எங்க குடுக்கிறன்? லொறிதான் ஓடுறன்," என்றார் சாச்சா. அவருடைய ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுச் சாரமும் ஒரு பை பருப்பும் இருந்தன. அவை தாமாக ஏறியிருக்க வேண்டும்.

துறைமுக வாசலில் மஞ்சள் தலைக்கவசத்தோடு ஓர் அம்மா நின்றார். பெயர் மரியமலர். கப்பலில் எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்று பார்ப்பவர் அவர்தான். முதல் பொதியைத் தூக்கிப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். திரும்பவும் பொதியைப் பார்த்தார்.

"இது நீங்களா?"

"ஓம்!" என்றார் தலைவர், சேர்ட்டின் கழுத்தைச் சரி செய்துகொண்டு.

"அப்ப நீங்கள் கப்பல்ல ஏற ஏலாது."

"நான் ஏன் ஏறுறன்?"

"உங்கட முகத்தைச் சொல்றன், ஐயா. அவங்கட அரசாங்கம் சொல்லிப்போட்டுது. எங்கட நாட்டு ஆக்களின்ர பேர், படம், கொடி, ஒண்டும் இருக்கக்கூடாது. இருந்தால் முழுசையும் திருப்பி அனுப்புவினம். பின்னேரம் நாலு மணிக்குக் கப்பல் கதவு பூட்டிப்போடும்."

தலைவரின் முகம் ஸ்டிக்கரின் எழுத்தைவிடச் சிவந்தது.

"எங்கட முகம் வேண்டாமாம்! குடுக்கிறவனுக்கு இப்படி ஒரு அவமானமா? நிப்றாஸ், திருப்பு லொறியை! ஒண்டும் குடுக்கிறல்ல!"

சாச்சா சாவியில் கை வைத்தார். திருப்பவில்லை. அசனாவைப் பார்த்தார்.

அசனா லொறியில் இருந்த பொதிகளைப் பார்த்தாள். லொறி திரும்பினால் சட்டையும் திரும்பும். சட்டை பரவாயில்லை, உம்மா சந்தோசப்படுவா. ஆனால் அந்தப் பிள்ளை என்ன உடுப்பாள்?

"தலைவர்," என்றாள், "என்ர சட்டை அரசாங்கத்துக்கு அளவில்லை."

"என்ன?"

"அது சின்னச் சட்டை. அரசாங்கம் போட ஏலாது. ஒரு பிள்ளைதான் போடலாம். உங்கட முகத்தை வேண்டாம் எண்டு அரசாங்கம்தானே சொன்னது? அந்தப் பிள்ளை சொல்லல்லையே. அவகிட்ட யாரும் கேக்கவும் இல்லையே."

தலைவர் குழம்பிப்போனார். "அப்ப ஆர் எங்களுக்கு எதிரி? நாங்க ஆருக்குக் குடுக்கிறம்?"

"அதுதான் தலைவர், ஜெயிலுக்குள்ள இருந்து நானும் இதைத்தான் யோசிச்சனான்," என்றார் சாச்சா. "சோறு தந்ததும் அங்கால. அடைச்சதும் அங்கால."

"ஸ்டிக்கரைக் கழட்டுவம்," என்றாள் அசனா. "கழட்டினதையெல்லாம் உங்கட கடையில ஒட்டலாம். உங்களைத் தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் இங்கதானே இருக்காங்க?"

தலைவர் கடலைப் பார்த்தார். கடையை நினைத்துப் பார்த்தார். முன்சுவரில் இடம் இருந்தது.

"சரி," என்றார். "ஆனா அது கழராதே. கொழும்புப் பசை."

உண்மையாகவே கழரவில்லை. ஜக்சன் நகத்தால் சுரண்டினான். தலைவரின் மீசை பாதி மட்டும் வந்தது. தண்ணீர் தேய்த்தார்கள். தலைவர் இன்னும் பளபளப்பாகச் சிரித்தார்.

உம்மா ஜாம் போத்தலில் உள்ள காகிதத்தைக் கழற்றுவது அசனாவுக்கு நினைவு வந்தது. வாசலுக்கு எதிரே இருந்த வடைக் கடைக்கு ஓடினாள்.

"மாமா, பொரிச்சு முடிஞ்ச எண்ணெய் இருக்கா?"

"என்னத்துக்கு?"

"தலைவரைக் கழட்ட."

கடைக்காரர் மேலே எதுவும் கேட்கவில்லை. ஒரு வாளி நிறையக் கொடுத்தார்.

எண்ணெய் பட்டதும் கொழும்புப் பசை வழுக்கியது. துறைமுகத் தொழிலாளர்கள் நாலைந்து பேர் வந்து குந்தினார்கள். சாச்சாவும் கத்தியோடு குந்தினார்.

"நான் லொறி ஓடத்தான் வந்தனான்," என்றார். "ஆனா இவர்ர முகத்தைச் சுரண்ட எனக்குக் கன நாள் ஆசை."

"டேய், மூக்கில தொடங்காத! மூலையில தொடங்கு!" என்று தலைவர் கத்தினார். பொறுக்க முடியாமல் அவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தன் முகத்தை எங்கே பிடித்தால் கழரும் என்பது கொஞ்ச நேரத்திலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. எல்லோரையும்விட வேகமாக உரித்தார்.

கதவு பூட்டுவதற்குச் சற்று முன்னால் கடைசிப் பொதி ஏறியது. கப்பல் முழுக்க வடை மணந்தது.

அடுத்த வாரம் ஜக்சன் கைத்தொலைபேசியோடு மாமன்றத்துக்கு ஓடிவந்தான். தலைவரும் அசனாவும் சாச்சாவும் சுற்றி நின்று பார்த்தார்கள். அங்கால நாட்டுத் தொலைக்காட்சிச் செய்தி. அழிந்த ஒரு கரையில் பொதிகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே ஆங்கிலத்தில் ஓடியதை அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"இதெல்லாம் அவங்கட அரசாங்கம் குடுத்ததாம்!"

"பொய்! அது எங்கட சாமான்!" என்று தலைவர் எழும்பினார்.

"மணந்து பார்த்தால் தெரியும்," என்றார் சாச்சா. அவர் கண்ணிமைக்காமல் அந்தச் சனங்களின் முகங்களையே தேடிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை மஞ்சளாக எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். சட்டையா, பொலித்தீன் பையா என்று சரியாகத் தெரியவில்லை. அசனா சட்டை என்றே வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பொதி கொடுத்துக்கொண்டிருந்த அந்த நாட்டுச் சீருடைக்காரர் ஒருவர் சட்டென்று நின்றார். கையில் இருந்த பொதியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அதிகாரியைப் பார்த்தார். பொதியின் மேல் பெருவிரலை வைத்து எதையோ மறைத்தபடி, அதை ஒரு தாயிடம் கொடுத்துவிட்டார். விரலுக்கு மேலே அரை மீசை தெரிந்தது.

"என்ர முகம்!" என்று தலைவர் துள்ளினார். "ஒண்டு தப்பிப் போயிருக்கு! நிப்பாட்டு, நிப்பாட்டு! எந்தப் பொதியில இருக்கு?"

ஜக்சன் அசனாவைப் பார்த்தான். அசனா சாச்சாவைப் பார்த்தாள். சாச்சா மின்விசிறியைப் பார்த்தார்.

அது கைக்குழந்தைகளுக்குக் கட்டும் பம்பர்ஸ் பொதி.