கழற்றிய மூடி

கணினியின் விசைப்பலகையில் மறுபடியும் மரத்தூள். காலையிலிருந்து மூன்று முறை துடைத்தாயிற்று. அவள் உட்கார்ந்திருந்த மாடி அறையில் மரம் என்று எதுவுமே கிடையாது. இரும்பு மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, கீழே கடையில் அட்டைப்பெட்டிகளுக்குள் தூங்கும் இயந்திரங்கள், அவ்வளவுதான். ஆனாலும் எழுத்துகளுக்கு நடுவே அந்த வெளிர்மஞ்சள் தூள், தொட்டால் லேசான சூட்டோடு, இப்போதுதான் அறுத்த பச்சை வாசனையோடு, வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தது.

மதியம் இரண்டரை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மின்ரம்பம் வாங்கியவர்கள் போனில் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள், மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள். "தச்சர் வீட்டுப் பொண்ணுக்கு ரம்பத்தைப் பத்தி நாங்க என்னம்மா சொல்றது" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் வேலை கொடுத்தார். கூடவே ஒரு தாளையும். பிளேடு மேல் இருக்கும் மூடியைக் கழற்றச் சொல்லாதே. புது ஆளைத் தனியாக அறுக்கச் சொல்லாதே. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. அதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை எழுதினவன் ஒரு நாளாவது பலகையைத் தொட்டிருப்பானா?

போன் அதிர்ந்தது. கத்துக்குட்டி. ரம்பம் வாங்கிய ஓர் ஆள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். வெள்ளிக்கிழமை கேட்டிருந்தார், மகளுக்குப் புத்தக அலமாரி செய்கிறாராம், மெல்லிசான பட்டை அறுக்கும்போது மூடி இடிக்கிறதாம். அவள் யோசிக்கவே இல்லை. "மூடியைக் கழட்டிட்டுக் கையாலேயே தள்ளுங்க சார். எங்கப்பா முப்பது வருஷமா அப்படித்தான் அறுக்கிறார், பத்து விரலும் பத்திரமா இருக்கு" என்று எழுதி, ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இன்று வந்திருந்தது குரல் செய்தி. எட்டு விநாடி.

"அக்கா, கழட்டிட்டேன். அடுத்து?"

பின்னால் ரம்பம். சுவிட்சை அணைத்த பிறகும் பிளேடு கொஞ்ச நேரம் தானாகச் சுற்றும், பத்து எண்ணுவதற்குள் முனகி அடங்கும். தூக்கத்திலும் அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். இது அடங்கவில்லை. எட்டு விநாடி முடிந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்போதும் அடங்கவில்லை.

அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"ரம்பக் கடையிலிருந்து பேசறேங்க. சார் இருக்காரா?"

"அவரு ஆஸ்பத்திரியில இருக்காரும்மா. வெள்ளிக்கிழமையே." அழுது தீர்ந்த குரல். "நடுவிரல், அதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு, மூணும் போச்சு. வீட்ல யாரும் இல்ல. ரத்தமெல்லாம் போய்க் கிடந்திருக்காரு. இன்னும் கண்ணு முழிக்கல."

"இப்பதானே அவர் பேசி அனுப்பினார்..."

"போன் மூணு நாளா என் கையிலதான் இருக்கு. எதுவும் போகல." கொஞ்சம் மூச்சு வாங்கும் சத்தம். "பூட்டைத் திறக்கத் தெரியல எனக்கு. தூக்கிட்டுப் போனவங்ககிட்ட, மூடியைக் கழட்டலாம்னு யாரோ சொன்னாங்கன்னு முனகினாராம். உங்க கடையிலயா சொன்னாங்க?"

மேசை மேல் அந்தத் தாள். வீட்டில் முதல் சம்பளம்.

"இல்லைங்க. இங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைப் பதிலைத் தேடி, அவர் போனிலும் இல்லாதபடி அழித்தாள். அழிக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. தொழில் கற்ற முதல் இரண்டு வருஷம் அப்பா தள்ளும் பக்கமே வந்ததில்லை. எதிர்ப்பக்கம் நின்று, அறுபட்டு வரும் பலகையை வாங்கி வைத்ததோடு சரி. அதை அவள் எழுதவில்லை.

போன் அதிர்ந்தது.

"அழிச்சிட்டீங்களா அக்கா? பரவாயில்ல. எனக்கு மனப்பாடம்."

கீழே ரம்பம் ஓட ஆரம்பித்தது.

வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்ட வைத்திருக்கும் ரம்பம். அதன் பிளக்கைக் காலையில் அவளே பிடுங்கிச் சுருட்டி வைத்தாள். வெளியே போக வேறு வழி இல்லை. மாடிப்படி கடைக்குள்தான் இறங்கும். பையை எடுத்துக்கொண்டு சுவரை ஒட்டியே இறங்கினாள். படி ஒவ்வொன்றிலும் தூள். செருப்பு புதைந்தது. கடைசிப் படியில் மூடி. கழற்றிய திருகாணிகள் பக்கத்தில், வரிசையாக. கத்துக்குட்டிகள் அப்படித்தான் அடுக்கி வைப்பார்கள்.

பிளக் தரையில் கிடந்தது. பிளேடு சுற்றியது. அதற்கு முன்னால், ரம்ப மேசை மேல், மெல்லிசான ஒரு மரப்பட்டை. ஷட்டருக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு வெயில். பத்து அடி.

"அக்கா." பைக்குள்ளிருந்து. "எதிர்ப்பக்கம் நான் பிடிச்சுக்கிறேன். அப்பா எப்படித் தள்ளுவாருன்னு காட்டுங்க."

"எனக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"இதை அன்னைக்கே எழுதியிருக்கலாம்ல."

பை விழுந்தது. அவள் விடவில்லை, அதுவாக. கால்கள் ரம்ப மேசையிடம் போய் நின்றன, கைகள் முன்னால் போயின. பட்டையின் முனை. சூடு. இரண்டு உள்ளங்கையும் அதன் மேல் படிந்தன. எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. மேசை முழுக்கத் தூள். தூளில் ஒரு குழி விழுந்தது. கட்டைவிரல். தள்ளி இன்னொன்று. சுண்டுவிரல். நடுவில் எதுவும் இல்லை.

பட்டை நகர்ந்தது. அவள் தள்ளவில்லை.

கட்டைவிரல். சுண்டுவிரல். கொஞ்சம் பின்னால் மறுபடி.

கைக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. ஒரு சாண் ஆயிற்று.

கட்டைவிரல். சுண்டுவிரல்.