சிப்பைக் கழற்றிய பிறகு

வீட்டுக் கதவைத் திறந்த நர்ஸ், மெக்கானிக்கை நேரே கடைசி அறைக்கு அழைத்துப்போனாள். மருந்து வாடை இன்னும் போகாத அறை. பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. எங்கும் தூசி, டிவிக்குக் கீழே இருந்த பழைய கேம் கன்சோல் மட்டும் பளிச்சென்று இருந்தது.

“என் தம்பி சுண்டுவோடது. அவன் போன அன்னிக்கு எனக்கு நைட் டூட்டி. தனியா விட்டுட்டேன்,” என்றாள். “நாளைக்கு நான் வெளிநாடு கிளம்பறேன். இத லேப்டாப்புக்கு மாத்திக் குடுங்கண்ணா. மறுபடியும் அவன விட்டுட்டுப் போக என்னால முடியாது.”

“கேமைத்தானே சிஸ்டர்?”

“அவன.”

மெக்கானிக் தன் பையைத் திறந்தார். துக்கம் நடந்த வீட்டில் யாராவது தர்க்கம் பண்ணுவார்களா?

வேலை சுலபம்தான். லேப்டாப்பைக் கன்சோல் மாதிரி நடிக்கவைக்க எமுலேட்டர் இருக்கிறது. அதற்குக் கன்சோலின் ஃபர்ம்வேர் வேண்டும்; கரண்ட் வந்ததும் முதலில் கண்விழிக்கிற சின்ன நிரல் அது. ஒரே மாடல் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று, கடையிலிருந்து கொண்டுவந்த காப்பியையே போட்டார். கேம் ஜோராக ஓடியது.

“இதுல அவன் இல்லண்ணா,” என்றாள் நர்ஸ்.

சரி, தொலையட்டும் என்று கன்சோலைப் பிரித்து, ஃபர்ம்வேர் இருந்த சிப்பைச் சூடுகாட்டிக் கழற்றி ரீடரில் வைத்தார். இரண்டு தடவை படித்து ஒப்பிடுவது தொழில் வழக்கம். எழுதவே முடியாத சிப் அது. ஒரு புள்ளிகூட மாறக் கூடாது.

மாறியிருந்தது.

மறுபடி படித்தார். அது வேறு மாதிரி இருந்தது.

உள்ளே என்னவோ அசைந்துகொண்டிருந்தது.

அந்தக் காப்பியை எமுலேட்டரில் ஏற்றினார். மெனு வந்தது. கன்ட்ரோலர் எதையும் அவர் இன்னும் செருகவில்லை. அம்புக்குறி தானாக நகர்ந்து, இரண்டு பேர் விளையாடும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தது.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “என்னை எப்பவும் சேத்துக்குவான். முழுசா மாத்தியாச்சா?”

“மாத்தியாச்சு சிஸ்டர்.”

எடுத்தது காப்பிதான். காப்பி எடுத்தால் அசல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் கடைப் பேச்சில் எல்லாமே ‘மாத்தியாச்சு’தான், தவிர ஆளை விட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

“அப்ப அந்தப் பெட்டிய நீங்களே எடுத்துக்குங்கண்ணா,” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. அவர் பெட்டியையும் சிப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை விமான நிலையத்திலிருந்து பேசினாள். “ரெண்டு பேரும் விடிய விடிய விளையாடினோம். புண்ணியமாப் போகும்ணா. நான் போனை அணைக்கணும்.”

அவர் நிம்மதியாகக் கடையைக் கூட்டினார். பெட்டி மேஜைமேல் கிடந்தது. சிப் தனியாக டப்பாவுக்குள். சிப் இல்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக். பிளக்கைக்கூட அவர் செருகவில்லை.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

துடைப்பம் கையிலிருந்து விழுந்தது. அதே மருந்து வாடை கடைக்குள் மெல்லப் பரவியது. அவர் தடுமாறிப் போனை எடுத்து நர்ஸைக் கூப்பிட்டார். ஸ்விட்ச் ஆஃப்.

மூலையில் இருந்த டிவியின் ஸ்பீக்கர் கரகரத்தது.

“அண்ணா,” என்றது ஒரு மெலிந்த குரல். “அக்கா இன்னும் வரலையா?”