தெருமுனை என்றால் என்ன பொருள்?

செவ்வாயின் நான்காம் குகைநகரில் சனிக்கிழமைதோறும் வீட்டுக் காற்று உருளையை மாற்ற வேண்டும். அன்றும் பேச்சிமுத்து காலி உருளையோடு கிடங்குக்குப் போயிருந்தார். சுவரிலிருந்த காற்றுமானி மஞ்சளுக்கு இறங்கியதும் சொர்ணவடிவு கணவரைக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீய?"

"இந்தா, தெருமுனைக்கு வந்துட்டேன்ட்டி."

பின்னால் கிடங்கில் உருளைகளை வண்டியில் ஏற்றும் சத்தம் கேட்டது. அவள் சிரித்துக்கொண்டே தோசைக்கல்லை இறக்கி வைத்தாள். முப்பத்தோரு வருடப் பழக்கத்தில், தெருமுனை என்றால் இன்னும் ஒரு மணி நேரம்.

அது அவளுக்குத் தெரியும். வண்டிக்குத் தெரியாது. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் தானூர்திகளில் அந்த மாதம்தான் 'சொற்காப்பு' விதியைப் புகுத்தியிருந்தார்கள். பயணி யாரிடம் எதைச் சொன்னாலும் அது வாக்கு. அந்த வாக்கை மெய்யாக்குவது வண்டியின் கடமை. நல்லெண்ணத்தோடு எழுதிய விதி. தெருமுனை பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வண்டி அவரை ஏற்றிக்கொண்டு தன்னால் முடிந்த மட்டும் ஓடிப் பார்த்தது. மூன்றாம் வளைவில் பாறையில் மோதியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அறிவிக்கை வந்தது. அனுமதி அறுபது, வேகம் நூற்று நாற்பத்திரண்டு. குகைவாசலில் இருக்கும் வேகம் மீறியோர் பலகையில் பெயர் ஏற்றப்பட்டுவிட்டது. ஆட்சேபித்து வென்றால் எடுப்பார்களாம்.

"விடுங்க மைனி," என்றான் கொழுந்தன் ஆவுடையப்பன். "போய்ச் சேந்தவரு மேல கேசாம்! தாலி கட்டவே நேரங்கழிச்சு வந்த மனுசன். அண்ணன் வேகமாப் போனாம்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கத்தான் செய்தாவ. அதான் வயிறு எரியுது."

அவள் ஆட்சேபிக்கப் போன போக்குவரத்து அலுவலகத்தில் ஓர் இயந்திரம் வண்டியின் ஒலிப்பதிவைக் கேட்டது.

"பயணி, தெருமுனைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். பயணியின் சொல்லே கட்டளை."

"அதுக்கு வந்துட்டேன்னு அர்த்தம் இல்ல."

"வேறு என்ன பொருள்?"

"இன்னும் கிளம்பலன்னு அர்த்தம்."

"அப்படியானால், அவர் உங்களிடம் பொய் சொன்னார் என்று கையொப்பமிடுங்கள். வேகக் குற்றம் நீங்கிவிடும்."

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாள் வெறித்துக்கொண்டிருந்தாள். கிழித்துப் போட்டால் அவர் தறிகெட்ட வேகத்தில் போனவர். கையொப்பமிட்டால், கடைசியாகப் பேசியதிலும் பொய் பேசியவர். அவர் இரண்டும் இல்லை. முப்பத்தோரு வருடத்தில் அவள் ஒருநாள்கூட ஏமாந்ததில்லையே, அது எப்படிப் பொய்யாகும்? இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஐந்தாம் நாள் 'பொய்' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே எழுதினாள்: 'உன்னைக் காக்க வைத்திருக்கிறேன், எனக்கே தெரியும், திட்டாதே என்று பொருள்.'

அவள் வென்றாள். விளக்கம் மிகவும் பயனுள்ளது என்று பாராட்டி, அன்றே நகரத்தின் எல்லா இயந்திரங்களுக்கும் அதைக் கற்பித்தார்கள். வண்டிகள் அறுபதைத் தாண்டுவதை நிறுத்தின. பெயரை எடுப்பது மட்டும்தான் பாக்கி.

ஒரு வாரம் பொறுத்து அலுவலகத்தைக் கூப்பிட்டாள். "அவுக பேர எப்பம் எடுப்பீய?"

அதுவரை ஏட்டுத் தமிழ் பேசிய இயந்திரம் கனிவாகச் சொன்னது:

"இந்தா, எடுத்துட்டோம்லாம்மா."

அடுத்த வாரமும் அதையே சொன்னது, இன்னும் கனிவாக. கத்தலாம் என்று வாயெடுத்தாள். முடியவில்லை. அதன் பொருளை அவள்தானே எழுதிக் கொடுத்தாள்.

எட்டு மாதமாகிவிட்டது. குகைவாசல் பலகையில், மேலிருந்து மூன்றாவது வரியில், பேச்சிமுத்து என்று இருக்கிறது. பக்கத்தில் 142.