கடைசிச் சுனை

பேருந்து ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் இக்னேஷியஸ் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி செலினுக்கு அது என்னவோ போல் இருந்தது. மண்ணூர்பேட்டை வீட்டில் வாரக்கணக்கில் சவரம்கூடச் செய்யாமல் சுவரைப் பார்த்துக் கிடக்கும் மனிதர், இந்த மலைக்கு வருவதற்கு மட்டும் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்.

போன வருஷம், தொண்ணூற்றிரண்டில், ஈஸ்டர் விடுமுறைக்குக் கோயில் இளைஞர் குழுவோடு இங்கே வந்தவள்தான் அவர்களுடைய ஒரே மகள் ரோஸி. வனக்காவலர் குடிசையருகே தொடங்கும் ஒற்றையடிப் பாதை காட்டுக்குள் மலையைச் சுற்றி, மூன்று சுனைகளைத் தொட்டுக்கொண்டு, அதே குடிசைக்கே திரும்பி வந்துவிடும். வழி தவற இடமே இல்லை. கூடப் போன எல்லோரும் திரும்பினார்கள். கடைசிச் சுனையில் முகம் கழுவ நின்ற ரோஸி மட்டும் வரவில்லை. போலீஸ் தேடியது. ஊர்க்காரர்கள் முங்கிப் பார்த்தார்கள். சுனையின் அடி யாருக்கும் தட்டுப்படவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு செலின், மகளுக்காக ஒரு நினைவுப் பூசை வைக்கலாம் என்றாள்.

"உசுரோட கீறவளுக்கு எதுக்குடி பூசை?" என்று பாய்ந்தார் இக்னேஷியஸ். அதற்கப்புறம் மாதம் தவறாமல் தனியாக மலைக்குப் போய்வந்தார். இந்த முறை செலின் பிடிவாதமாகக் கூடவே கிளம்பினாள். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால், இரண்டு பேருமாக அழுதுவிட்டு மகளுக்கு விடை கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். உடனே சரி என்றார்.

வண்டி தாமதமாக வந்ததால், காட்டுக்குள் நுழையும்போதே வெயில் சாய்ந்துவிட்டது. முதல் சுனை பாறை இடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சருகுகளின் மேல் ஏதோ சத்தம். காய்ந்த சருகு நொறுங்கும் சத்தமல்ல. ஈரக்கால் ஒட்டி ஒட்டி எழும் சத்தம். இவர்கள் நின்றால் அதுவும் நின்றது.

"இன்னாங்க, யாரோ வர்றாப்ல கீது."

"திரும்பாதே." அவர் குரல் குழைந்தது. "வெக்கப்படுவா."

செலினுக்கு இந்த மனிதர் இப்படி ஆகிவிட்டாரே என்று அழுகை வந்தது. ஆனால் அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டதே?

இரண்டாவது சுனை ஓர் அத்திமரத்தடியில், வேர்கள் தண்ணீருக்குள் விரல்களைப் போல் இறங்கியிருக்க, அழுகிய பழங்களின் புளிப்பும் பாசியின் பச்சை வாடையும் கலந்த காற்று அசையாமல் நின்றிருக்க, ஒரு பறவைச் சத்தம்கூட இல்லாமல் கிடந்தது. அந்த வாடைக்கு நடுவே தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய் வாசமும் வந்தது. மிக அருகில். பிடரிக்குப் பின்னால்.

"போதுங்க. ஊட்டுக்குப் போலாம்."

"கடைசிச் சுனை வரைக்கும் கூடவே வரா, செலின். அதுக்கு மேல தாண்ட மாட்டேன்றா. அப்பன் கூப்ட்டா வரல. அம்மாவும் கூப்ட்டா வருவாளோன்னுதான் உன்னைக் கூட்டினு வந்தேன்."

பதில் பேசினால் பின்னால் இருப்பதும் பேசிவிடுமோ என்று பயந்தாள்.

கடைசிச் சுனையருகே பாதை இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகியது. அவர் டார்ச்சோடு முன்னால் போய் வளைவில் மறைந்தார். இருட்டு கவிந்திருந்தது. செலின் தடுமாறியபோது ஒரு கை வந்து அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டது. சில்லென்ற கை. அவர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்து அதை இறுகப் பற்றிக்கொண்டாள். அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது.

"அவ போயிட்டாங்க. நம்ம கொழந்த செத்துட்டா. இனிமே கூப்டாதீங்க, உட்ருங்க. நிம்மதியாப் போவட்டும்."

கை இறுகியது.

கீழே, பாதை குடிசைக்கு இறங்கும் பக்கமிருந்து டார்ச் வெளிச்சம் ஆடியது. இக்னேஷியஸின் குரல்.

"செலின்! எங்க கீறே?"

அவர் அங்கே இருந்தார்.

அவள் திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லை. பால் கொடுத்த நாளிலிருந்து பிடித்த கை. விரல்கள் ஊறி உப்பியிருந்தும், தெரிந்தது.

வராதீங்க. ஓடிப் போங்க என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சத்தம் சுனையிலிருந்து வந்தது. அவளுடைய குரல். அவளுடைய அழுகை.

"இங்கதாங்க கீறேன். நம்ம பொண்ணு வந்துட்டாங்க. சீக்கிரம் வாங்க."

அவர் ஓடிவந்தார். மூச்சிரைக்க, கண்ணீர் வழிய, "வந்துட்டியா கண்ணு, வந்துட்டியா" என்று குழந்தையைப் போல் அழுதபடி ஓடிவந்தார். டார்ச்சைக் கீழே போட்டார். அவள் மேல் உரசிக்கொண்டே போனார். அவளைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டியபடி சுனைக்குள் இறங்கினார்.

தண்ணீர் சத்தமே போடவில்லை.

செலின் நின்றிருந்தாள். அசைய முடியவில்லை. டார்ச் புல்லுக்குள் மங்கி அணைந்தது. வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஈரக்கால்கள். இப்போது இரண்டு ஜோடி.

அவளுடைய இடது கையையும் ஒரு கை மெல்லப் பற்றியது. அதில் சூடு இன்னும் ஆறவில்லை.