முதல்ல லாரியை விட்டு இறங்குங்க

"ஹலோ சார்... முதல்ல லாரியை விட்டு இறங்குங்க!"

மைக்கில் "வரிசையா வாங்க, தள்ளாதீங்க" என்று முழங்கிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டுக் கீழே பார்த்தான். தூறலில் நனைந்த முகம். ஒரு தோளில், படுத்த படுக்கையான நோயாளிகளை வீட்டுக்கே போய்க் கவனிக்கும் பாலியேட்டிவ் குழுவின் மருந்துப்பை. இரண்டு கண்கள்... அப்பப்பா, என்ன கண்கள்! கோபத்திலும் அழகாக இருக்கும் கண்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிட்டே போய்ப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். மோகனசுந்தரத்துக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்வையை எடுக்க முடியவில்லை.

"ஏனுங்க... நானுங்களா?"

"பின்ன, லாரி மேல வேற யாரு நிக்கிறா?"

கிறிஸ்துமஸ் விடுமுறை. வண்டிப்பெரியாற்றுக்கு மேலே உள்ள தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் முன்னால் அந்த லாரி வந்து நின்றிருந்தது. பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கோபாலபுரத்துத் தென்னை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் டிரஸ்டின் லாரி அது. குளிர்காலத்துக்குக் கம்பளி கொடுக்க மலையேறி வந்திருந்தார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்கள் அத்தனை பேரும் சேற்றில் நின்று, கழுத்தை அண்ணாந்து, இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்ததும் மருந்துப்பையோடு வந்த சிவசங்கரிக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

"குடுக்க வந்தவுக கீழ இறங்கிக் குடுக்க மாட்டீகளா? இவுக என்ன, சாமி பல்லக்கா பாக்க வந்துருக்காக?"

"இல்லீங்க... எங்க தோட்டத்துல நோம்பிக்கு வேட்டி சேலை குடுக்கறப்ப அப்பா களத்துமேட்டு மேல நின்னுதானுங்க குடுப்பாரு. வாங்கறவங்க கீழ நிப்பாங்க. அதே பழக்கத்துல..."

"அது உங்க தோட்டம். இது எங்க ஊரு. இங்க நாங்க சண்டை போட்டு போனஸ் வாங்குவோம், கையேந்தி எதையும் வாங்குறதில்ல."

அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு மைக்கை வைத்துவிட்டுத் தொப்பென்று குதித்தான். வெள்ளை வேட்டி முழங்கால்வரை சேறு. பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்தான்... அட, சிரிக்கத் தெரிகிறதே என்று அவள் மனம் சொன்னது. சும்மா இரு என்று அதை ஒரு அதட்டு அதட்டினாள்.

அதன் பிறகு அவன் ஒவ்வொருவரிடமும் நடந்து போய்க் கொடுத்தான். டிரஸ்டைச் சேர்ந்த ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க ஆரம்பித்தபோது மறுபடியும் அவள்தான் குறுக்கே வந்தாள்.

"படமெல்லாம் வேணாம்."

"கணக்குக் காட்டறதுக்குத்தானுங்க. ஒரு முகங்கூட வெளிய போவாது. நான் பொறுப்புங்க."

அவன் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. நம்பினாள். வாழ்க்கையில் அவள் அப்படிச் சட்டென்று யாரையும் நம்பியதில்லை.

அன்று கம்பளி வாங்கியவர்களில் அவளுடைய அம்மா ராமலட்சுமியும் ஒருத்தி. வீட்டில் கம்பளி இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் சோலை தாத்தாவுக்காக வாங்கினாள். வாங்கிய கையோடு கொண்டு போய் அவர் காலைப் போர்த்திவிட்டாள்.

சோலை தாத்தாவைப் பார்க்க சிவசங்கரி கிளம்பியபோது, "நானும் வரட்டுங்களா?" என்று பின்னாலேயே வந்தான் மோகனசுந்தரம். வார நாட்களில் அவள் வண்டிப்பெரியாற்றில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், விடுமுறை நாட்களில் பாலியேட்டிவ் குழுவோடு வீடு வீடாகப் போகிறாள். தாத்தாவைப் புரட்டிப் படுக்கவைத்துப் புண்ணுக்கு மருந்து போட வேண்டும். வாசலோடு ஓடிவிடுவான் என்று நினைத்தாள். ஓடவில்லை. முகம் வெளுத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு தாத்தாவின் தோளைத் தாங்கிப் பிடித்தான்.

"பரவால்லையே... மயக்கம் போட்டு விழலையே" என்றாள்.

"விழுந்தா புடிக்க நீங்க இருக்கறீங்கல்லங்க."

"நான் புடிக்க மாட்டேன். சேத்துல விழுந்தாத்தான் உங்களுக்கு நல்லா இருக்கு."

புத்தாண்டுக்கு அவன் மறுபடி வந்தான். லாரியும் இல்லை, மைக்கும் இல்லை. நோயாளிகளுக்கென்று காரின் டிக்கி நிறைய இளநீர். பொங்கலுக்கு முந்தின ஞாயிறும் வந்தான், அவளோடு சேர்ந்து லயம் லயமாக ஏறி இறங்கினான். "இவ்வளவு தூரம் இளநீர் குடுக்கவா வர்றீக?" என்று அவள் கேட்டதற்கு, "இளநியும் குடுக்கலாமுங்க..." என்று இழுத்துவிட்டு, மஞ்சு மூடிய மலையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான். அன்று ராத்திரி முழுக்க அவளுக்கு அந்த இழுவை மட்டும்தான் காதில் கேட்டது.

அந்த இழுவையெல்லாம் ஒரே ஒரு வாட்ஸாப் படத்தில் அறுந்து போனது.

எஸ்டேட்டிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் தேயிலை லோடு கொண்டு போகும் வேல்முருகன் அண்ணன் அனுப்பியிருந்தார். கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்தில், பஸ் நிறுத்தத்தில், ஆளுயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அதில் அவளுடைய அம்மா! தலையில் சாக்கு, உடம்பில் ஆம்பளைச் சட்டை, இடுப்பைச் சுற்றிக் கட்டிய தார்ப்பாய்ப் படங்கு, கையில் கம்பளி. மேலே கொட்டை எழுத்தில், "ஆதரவற்றோர் கண்ணீர் துடைப்போம். பொங்கலுக்கு வாரி வழங்குவீர்!"

லயத்தில் எல்லார் போனுக்கும் அது வந்துவிட்டது. யாரும் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. அம்மா சாயங்காலம் வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா சங்கரி... என்னையப் பாத்தா அநாதை மாதிரியா இருக்கு?"

எத்தனை வருஷம் கொழுந்து எடுத்தவள்! புருஷன் போன பிறகு, யாரிடமும் ஒரு வார்த்தை தாழ்ந்து பேசாமல் மகளைக் காலேஜ்வரை படிக்கவைத்தவள். மறுநாள் காலையில் முதல்முறையாக, உடம்பு சரியில்லை என்று சொல்லி அம்மா வேலைக்குப் போகவில்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நடக்கக் கூசுகிறாள் என்பது மகளுக்குத் தெரியாதா?

சிவசங்கரி அவனுக்குப் போன் செய்யவில்லை. அதற்கு அடுத்த நாள் விடியற்காலை பஸ் பிடித்தாள். குமுளி, தேனி, பழனி, பொள்ளாச்சி... வழி நெடுக அவனை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தாள். 'நான் பொறுப்புங்க'வாம். பொறுப்பு! இந்த மனுஷனின் இழுவைக்கா நான் தூங்காமல் கிடந்தேன்?

கோபாலபுரத்தில் இறங்கியபோது மத்தியானம். பஸ் நிறுத்தத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், ஆளுயரத்துக்கு. இளநீர்க் கடையில் கிடந்த அரிவாளை "ஒரு நிமிஷம் அண்ணே" என்று எடுத்துக்கொண்டு போய், கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றை அறுக்க ஆரம்பித்தாள்.

"ஏ அம்மணி! என்ன பண்றே நீ?"

டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார் ஒருவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ஃபிளெக்ஸின் மூலையில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்த அதே முகம். டிரஸ்ட் தலைவர் குப்பண்ணன், மோகனசுந்தரத்தின் அப்பா.

"எங்கம்மாவ இறக்கிட்டு இருக்கேன்."

"உங்கம்மாளா? அட, பாவமே... கிழிஞ்ச சட்டையும் சாக்குமா நிக்கறாங்களேன்னு மனசு கேக்காமத்தான் அந்தப் படத்தைப் பொறுக்கி எடுத்தேன்..."

அவ்வளவுதான். வழி நெடுக அடக்கி வைத்தது அத்தனையும் வந்துவிட்டது.

"அது கிழிசல் இல்ல சார், வேலை உடுப்பு! செடி கையக் கிழிக்கும்னு சட்டை. இடுப்பு நனையாம இருக்கப் படங்கு. மழைக்குச் சாக்கு. உங்க தென்னைக்கு மருந்தடிக்கிறப்ப நீங்க பட்டு வேட்டியா கட்டிக்கிறீக? அந்தக் கோலத்துல உங்களைப் படம் புடிச்சு, 'அநாதை'ன்னு எழுதி எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல நான் மாட்டவா?"

கூட்டம் கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து பைக்கில் வந்து இறங்கினான் மோகனசுந்தரம். அவளைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா இது?" என்றாள்.

"முந்தாநேத்தே பாத்தனுங்க." தலை குனிந்திருந்தது. "அப்பா அவ்வளவு ஆசையா வெச்சுருந்தாரு... எப்படிச் சொல்றதுன்னு..."

முந்தாநாளே பார்த்திருக்கிறான்! தெரியாது என்று பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா? அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்த்ததும்தான் அவனுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. அப்பாவின் பக்கம் திரும்பினான்.

"அப்பா, அவங்க ஆதரவத்தவங்க இல்லீங்கப்பா. எனக்கு மாமியாரா வரப்போறவங்க!"

யாரோ விசிலடித்தார்கள். குப்பண்ணன் முகம் கறுத்தது. "கம்பளி வாங்குன ஊட்ல போய் பொண்ணெடுக்கறதா? புத்தி கெட்டுப் போச்சாடா உனக்கு?"

"பொண்ணு தர்றதா நாங்க எப்ப சார் சொன்னோம்?" அவரிடம் கேட்டுவிட்டு அவனிடம் திரும்பினாள் சிவசங்கரி. கன்னத்தில் நீர் ஓடியது, குரல் மட்டும் நடுங்கவில்லை. "உங்களுக்கு மாமியார் ஆனாத்தான் எங்கம்மாவுக்கு மரியாதையா? இல்லாட்டி மாட்டி வைக்கலாமா? அங்க வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் நீங்க மருமகன் ஆவீகளா?"

அவன் கிட்டே வந்தான். அவள் கையிலிருந்த அரிவாளை வாங்கி, மிச்சக் கயிறுகளை அறுத்தான். ஃபிளெக்ஸ் சரிந்து விழுந்தது. அவள் அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் காலை. "நீ வேலைக்குப் போகாட்டி அவுக சொன்னது நெசம்னு ஆயிரும்மா" என்று அம்மாவைச் சண்டை போட்டுக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாள் சிவசங்கரி. மஸ்டர் போடும் ஷெட்டின் முன்னால், எல்லாரும் பேர் கொடுத்துவிட்டு மலையேறக் காத்திருக்கும் நேரம். மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் ஒரு கார் வந்து நின்றது.

இறங்கியவன் குடை கூட எடுக்கவில்லை. நேராக ராமலட்சுமியின் முன்னால் வந்து நின்றான்.

"நான் மோகனசுந்தரமுங்க. உங்க படம் வெளிய போவாதுன்னு உங்க பொண்ணுகிட்ட வாக்குக் குடுத்தது நானுங்க. போனதைப் பாத்துட்டும் வாயைத் தொறக்காம இருந்ததும் நானுங்க. உங்க வேலை உடுப்பு எங்களுக்குக் கந்தலாத் தெரிஞ்சுதுங்க... கண்ணு எங்களதுதான் சரியில்லீங்க. அந்தக் கம்பளிய நீங்க சோலை தாத்தாவுக்குத்தான் வாங்கினீங்கன்னும் எனக்குத் தெரியும். எல்லார் முன்னாலயும் கேக்கறனுங்க. மன்னிச்சுருங்க."

ராமலட்சுமி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்கப்பா வரலையா?"

"வரலீங்க. கோவமா இருக்காரு. ஆனா இனிமே ஆரு படத்தையும் போடறதில்லைன்னு நேத்துச் சாயங்காலம் டிரஸ்ட்டுல அவரே சொல்லிட்டாருங்க. மத்ததுக்கெல்லாம் நான் பேசிப் பேசித்தான் ஒத்துக்க வெக்கணுமுங்க."

"ம்..." ராமலட்சுமி சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். முதுகு நேராக நிமிர்ந்தது. "எங்கிட்ட கேக்க வேண்டியதக் கேட்டுட்ட. மத்தது எதுனாலும் அவகிட்டயே கேட்டுக்க. எனக்கு நேரமாச்சுய்யா."

பெண்கள் எல்லாரும் அவளோடு சேர்ந்து கிசுகிசுத்துச் சிரித்தபடி மழையில் மலையேறினார்கள். ஷெட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். தகரக் கூரையில் மழை கொட்டியது. அவன் தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. அந்தக் கண்களில் தூக்கம் இல்லாத சிவப்பு... தலையைத் துடைத்துவிடலாமா என்று எழுந்த கையை அவள் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நேத்து அத்தனை பேர் முன்னால அப்படிச் சொன்னது தப்புங்க" என்றான். "முதல்ல உங்ககிட்டத்தான் சொல்லியிருக்கோணும். எனக்கு உங்களைப் புடிச்சிருக்குதுங்க. அன்னிக்கு லாரியை விட்டு இறங்கச் சொன்னீங்களே, அப்பவே."

"எனக்குக் கோவம் இன்னும் தீரல."

"தெரியுமுங்க."

"சீக்கிரத்துல தீராது. தப்புன்னு பட்டா உங்களையும் கேப்பேன், உங்கப்பாவையும் கேப்பேன்."

"கேளுங்க."

அவள் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். குரல் இப்போதுதான் முதல்முறையாக நடுங்கியது.

"உங்க மேல கோவமும் இருக்கு... ஆசையும் இருக்கு. ரெண்டும் சேந்துதான் எங்கிட்ட இருக்கும். முடியும்னா சொல்லுங்க."

"முடியுமுங்க" என்றான் அவன்.