இடைவேளையில் உயர்ந்த கை

அங்கவையின் வலது தோள் தினமும் அவளுக்கு முன்பே விழித்துக்கொள்ளும். அதனுள் பதிக்கப்பட்ட நெல்மணி அளவுப் பீங்கான் தோள்காப்பான் தசைநார்களைச் சோதித்துவிட்டு, "இன்று வீச்சுக்குத் தடையில்லை" என்று காதுக்குள் சொல்லும். பிறகுதான் அவள் எழுந்து பல் துலக்குவாள். செவ்வாயின் தென்சமவெளியில், மூன்றாம் வயலில், அவளை எழுப்ப வேறு குரல் கிடையாது.

வயல் என்றாலும் அங்கே பயிர் இல்லை. முன்பொரு சரக்குக்கப்பல் வெடித்துச் சிதறிய நிலம் அது. நீண்ட தண்டுள்ள உலோகமறி கருவியைத் தரைமேல் இருபுறமும் வீசி, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத் துண்டுகளைத் தேடி எடுப்பதுதான் வேலை. முதலில் ரோபோக்களைத்தான் அனுப்பிப் பார்த்தார்கள். உலோகமறி கருவி அவற்றையே கண்டுபிடித்து ஓயாமல் கத்தியது. ஆகவே உலோகமற்ற இழையாடை உடுத்த மனிதர்கள், வயலுக்கு ஒருவர். வானொலி அலை கருவியைக் குழப்பும் என்பதால் வயலில் பேச்சும் கிடையாது.

செவ்வாயில் கருவியின் எடை குறைவு. அதனால் தோள் தப்பிக்கும் என்று நினைப்பது தவறு. வீசிய கருவியை ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருப்ப வேண்டும். அதற்கான முயற்சி பூமியில் எவ்வளவோ அவ்வளவுதான் இங்கும். அங்கவை எல்லாவற்றையும் முறையாகச் செய்தாள். குனிய வேண்டாதபடி தண்டின் நீளத்தைத் திருத்தினாள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மணிக்கட்டை ஒடிக்காமல், இடுப்போடு சேர்ந்து திரும்பிக் குறுகலாக வீசினாள். பிடியை இறுக்கவில்லை. தோண்டும்போது மண்டியிட்டாள். காப்பான் இடைவேளை என்றதும் நின்றாள். இருந்தும், சரியாகத்தான் செய்கிறோமா என்ற சந்தேகம் அவளுக்குத் தீர்ந்ததே இல்லை.

பருவ முடிவில் தோள் தேர்வு. தேறினால் நகரக் குடியிருப்பில் இடம். அங்கே ஒரே மேசையில் பலர் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம், சாம்பாரை இந்தப் பக்கம் நகர்த்தும்படி யாரையாவது கேட்க வேண்டியிருக்குமாம். அதை நினைத்தே அவள் நாட்களைத் தள்ளினாள். தேறாவிட்டால் அதே வயலில் இன்னொரு பருவம். இரண்டாம் முறையும் தேறாதவர்களைப் பூமிக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்.

இடைவேளையில் தோள்காப்பான் உறங்கிவிடும். ஓய்வு நேரத்தில் உடம்பை வேவு பார்க்கக் கூடாதென்று தொழிலாளர்கள் போராடிப் பெற்ற உரிமை அது. அப்போது அங்கவை வயலோரம் வைத்திருக்கும் செய்தித்தட்டை எடுப்பாள். மேற்கு மேட்டிலுள்ள கோபுரத்தின் அலை எட்ட வேண்டுமானால், அந்தப் பக்கம் திரும்பி நின்று, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அண்ணாந்து படிக்க வேண்டும். தனித்திருப்போர் மன்றத்தில், "யாராவது இருக்கீங்களா?" என்று அவள் எழுதியிருந்தாள். நானூறு பேர் அதற்கு இதயக்குறி இட்டிருந்தார்கள். பதில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

கிழக்கே, அடுத்த வயலில் இருதயராஜ் என்றொருவர் இருந்தார். மாலையில் கூடாரத்துக்குத் திரும்பியதும் வானொலியில் அவரை அழைக்கலாம். ஆனால் முன்னறிவிப்பின்றி ஒருவரை அழைப்பது செவ்வாயில் அநாகரிகம். முதலில் நேரில் கையை உயர்த்தி அசைக்க வேண்டும். மற்றவர் தன் முகம் பார்த்துப் பதிலுக்குக் கையசைத்தால் அது இசைவு. தான் அசைத்து அவர் அசைக்காவிட்டால், மீதி நாளெல்லாம் அந்த ஆளின் எதிரில் எப்படி நடமாடுவது? அங்கவை கிழக்கே பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

தேர்வுக்கு வந்த மருத்துவர் ஜமீலா அவள் தோளைப் படமெடுத்துப் பார்த்தார்.

"வீச்சுல ஒரு குத்தமும் இல்லம்மா. இந்தக் கிழிசல் இடைவேளையில வந்தது. தினமும் கைய மேலயே தூக்கி வெச்சிருந்தியா?"

அங்கவை செய்தித்தட்டைக் காட்டினாள். மருத்துவர் திட்டவில்லை. அவருடைய பையிலும் அப்படி ஒன்று இருந்தது. தேறவில்லை, இன்னொரு பருவம் இடது கையால்தான் வீச வேண்டும், இடது தோளுக்கு மாற்றிய காப்பான் இனி இடைவேளையிலும் விழித்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

"பக்கத்து வயல் இருதயராஜ் அண்ணனுக்கும் இதே இடத்துலதான் கிழிசல். ரெண்டாவது தடவை. நேத்துதான் கப்பலேத்தினோம்."

"அவரும் தட்டு பாப்பாரா?"

"அவர்கிட்ட ஏது தட்டு?" என்றார் மருத்துவர், கருவிகளை அடுக்கிக்கொண்டே. "ஒவ்வொரு இடைவேளையும் உனக்குக் கையாட்டிட்டு நின்னிருக்காரு. 'அந்தப் பொண்ணும் கையத் தூக்கிட்டுத்தான் நிக்குது டாக்டர், ஆனா முதுகக் காட்டிட்டு நிக்குது, கூப்பிடலாமா வேணாமான்னே புரியல'ன்னு என்கிட்ட கேட்டாரு. எனக்கும் சொல்லத் தெரியல."

மறுநாள் அங்கவை இடது கையால் வீசினாள். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது, வீச்சு குறுகலாக இருந்தது. இடைவேளை வந்தது. தட்டை எடுக்கவில்லை. நெடுநாளுக்குப் பிறகு கிழக்கே திரும்பி நின்றாள். அடுத்த வயலின் எல்லையில், அவள் வயலைப் பார்த்தபடி ஒருவர் வெகுநாள் நின்று நின்று மண் பள்ளமாகியிருந்தது.

அவள் இடது கையை உயர்த்தி அசைத்தாள்.

"கை தோளுக்கு மேல் உயர்கிறது. இறக்கவும்" என்றது தோள்காப்பான். "இது ஓய்வு நேரம்."

அங்கவை இறக்கிக்கொண்டாள். காப்பான் சொல்லி அவள் ஒருநாளும் மீறியதில்லை.